ஊவாவின் பல்கலைக்கழகமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பல்கலைக்கழகம் ஒன்று எங்கே அமைய வேண்டும் என்பது வெறுமனே இடந்தெரிதல் பற்றிய வினாவன்று. அது யாருக்காக அமைகின்றது என்ற வினாவும் அதனுள் அடங்கியே உள்ளது. இலங்கையின் முதலாவது பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் உருவாகி, 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. நாட்டுக்குப் பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, 1960 இல் கட்டுபெத்தையில் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று தோன்றியது. அது 1972 இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1978 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. தலைநகரையும் அதன் தொழிற்சாலைகளையும் அண்டியே தொழில்நுட்பக் கல்வி வளர்ந்தது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

2005 ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் இவ்வழக்கத்தினின்றும் வேறுபட்ட ஒரு முயற்சிக்கு வித்திட்டது. அதன் வழியே பதுளையில், பசறை வீதியில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்த்தல் என்ற கருத்தினை நடுவாகக் கொண்டு அப்பல்கலைக்கழகம் திட்டமிடப்பட்டது. வர்த்தகத் துறையில் அனுபவம் வாய்ந்த கலாநிதி சந்திர எம்புல்தெனிய அதன் முதலாவது துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். தேயிலைத் தொழில்நுட்பம், தென்னை இறப்பர்த் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம், கனிப்பொருள் வளம், விலங்கு விஞ்ஞானம் எனப் பாடநெறிகள் வகுக்கப்பட்டன. பழைய பல்கலைக்கழகங்களிலே விஞ்ஞானத்தின் ஒரு கிளையாகப் படிக்கப்பட்டவை இங்கே நாட்டின் ஒரு விளைபொருளின் பெயரால் பட்டங்களாயின. பொருளாதார வளர்ச்சிக்காகவே ஒரு பல்கலைக்கழகம் என்ற எண்ணம் இந்நாட்டில் இத்துணை வெளிப்படையாக உருப்பெற்ற சந்தர்ப்பங்கள் அரியனவே.

அந்தப் பசறை வீதியைச் சார்ந்த தோட்டமொன்றிலே பிறந்தவள் நான். 2,000 மீற்றரைக் கடந்து நிற்கும் நமுனுகுல மலையின் சரிவில் எமது லயன் வரிசை அமைந்திருக்கின்றது. தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பதுளைக்குச் செல்லும் பேருந்திலிருந்து பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தவாறே உயர்தர வகுப்புக்குப் போய் வந்தேன். இன்று கலைப்பீட மாணவியாக வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, எமது வாசலில் எழுந்த அந்நிறுவனத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கின்றேன். அவ்வெண்ணங்களைச் சங்க மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெல்லஸ்ஸ என்ற சொல்லுக்கு இலட்சம் வயல் என்று பொருள் கூறுவர். நெல் விளைந்த அப்பெருநிலம் 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது பாழாக்கப்பட்டது. குளங்களும் வாய்க்கால்களும் சிதைந்தன, வயல்கள் கைவிடப்பட்டன. பின்னர் மலைச்சரிவுகளிலே கோப்பியும் தேயிலையும் ஏறின. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. மலையிலிருந்து துறைமுகத்துக்குப் பொருளை இறக்குவதே அப்பாதையின் முதன்மை நோக்கமாக இருந்தது. காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, பாதை அமைத்து, செடியை நட்டவர்கள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த எமது முன்னோர்கள். ஆகவே, ஊவாவின் வளம் என்று நாம் சொல்வதன் பின்னே இழப்புக்குள்ளான சிங்கள விவசாயியும், வேர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளியும் நிற்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆராய்ச்சி இல்லாத பொருளாதாரம் எத்தகைய கதிக்கு உள்ளாகும் என்பதற்கும் எமது மலைகளே பாடம். 1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. அது ஒரு பங்கசு நோய் என அறியப்பட்டது. எனினும் அதனை முறையாக ஆராய்வதற்கு ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளந் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தது 1880 இலேயே. நோயின் வித்திகள் காற்றிலே பரவுகின்றன என்பதையும், மலை மலையாக ஒரே பயிரை நெருக்கமாக நட்டமை அப்பரவலுக்கு வழிசமைத்தது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. இரு தசாப்தங்களுக்குள் கோப்பிப் பொருளாதாரம் அழிந்தது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தை நிரப்பிற்று. அதற்கெனத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று தோன்றியது 1925 இல். பின்னர் அது தலவாக்கலையில் நிலைகொண்டது. அதன் பிராந்திய நிலையம் ஒன்று எமது பசறையிலும் உண்டு. தோட்டங்களில் இன்று வீ.பீ. தேயிலை என்று எவரும் கூறும் செடிகள், வெட்டுத்துண்டுகளை நட்டு இனம் பெருக்கும் முறையினால் வந்தவை. அம்முறையைப் பரப்பியதும் அந்நிறுவனத்தின் ஆய்வே.

விஞ்ஞானத்தை ஒதுக்கிவிட்டு எடுக்கும் முடிவுகளின் விளைவை எம் தலைமுறையும் கண்டது. 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் அத்தடை தளர்த்தப்பட்ட போதிலும், அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடிக் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது. பொருளியல் நூலுக்கு அது ஓர் எண். கொழுந்து பறிப்பவருக்கோ அது வேறு. செடியில் துளிர் இல்லாதபோது நாள் முழுவதும் மலையில் நின்றாலும் நிறை சேர்வதில்லை. நிறை சேராவிடில் முழுப்பேர் விழுவதில்லை. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட மகிழ்ச்சி, அரைப்பேர் விழுந்த நாள்களிலே கரைந்து போயிற்று. ஆராய்ச்சி என்பது எமக்குத் தொலைவான பொருளன்று. அது அடுப்பங்கரை வரை வருவது.

இனி, பெறுமதி சேர்த்தல் என்ற கருத்தினைச் சிறிது நோக்குவோம். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. அது பெருஞ்சாக்குகளில் கொழும்பு ஏலத்துக்குச் செல்கின்றது. பெரும் பகுதி அவ்வாறே கப்பலேறி, அந்நிய நாடுகளில் வேறு தேயிலைகளோடு கலக்கப்பட்டு, பொதியிடப்பட்டு, பல மடங்கு விலைக்கு விற்கப்படுவது நீண்ட கால வழக்கம். இதிலுள்ள இலாபத்தை முதலில் கண்டுகொண்டவர் ஒரு பேராசிரியர் அல்லர். கிளாஸ்கோ நகரத்துப் பலசரக்கு வியாபாரி. தோமஸ் லிப்டன் 1890 இல் ஊவாவுக்கு வந்து, ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டித் தம் பெயரைப் பொறித்துத் தம் கடைகளிலே விற்றார். செடி ஊவாவில், பெயரும் பணமும் பிரித்தானியாவில். லிப்டன் அறிந்திருந்த இரகசியத்தை நாமும் பயில வேண்டும் என்பதற்காக ஊவாவில் ஒரு பல்கலைக்கழகம் எழுவதற்கு 115 ஆண்டுகள் சென்றன.

அவ்வாறு எழுந்த நிறுவனம் ஊவாவில் அமைந்தது பொருத்தமே. யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மத்திய மலைகளின் மேற்குப் புறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்டு எமது பக்கம் இறங்குகின்றது. அந்த வறட்சியிலும் இரவுக் குளிரிலும் செடி வருந்துகின்றது. வருந்தும் இலையில் மணப்பொருள்கள் மிகுகின்றன. மெதைல் சலிசிலேற்று என்னும் சேர்வை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உளுக்குக்குப் பூசும் தைலத்தில் நாம் முகரும் மணம் அதனுடையதே. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் தேடித் தந்த அந்தக் குளிர்ந்த மணத்தின் மூலம் இதுதான். அக்காற்றையும் அவ்விலையையும் அருகிருந்து ஆராய்வதற்குப் பதுளையைவிட ஏற்ற இடம் யாது?

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகின்றேன். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், தேயிலைத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் குழுவொன்று எமது தோட்டத்துத் தொழிற்சாலையைப் பார்வையிட வந்தது. கொழுந்து வாடும் மேல்மாடியில் வேலை செய்யும் என் தந்தையிடம், வாட்டம் போதும் என்பதை எவ்வாறு அறிகிறீர்கள் என்று அவர்கள் சிங்களத்திலே வினவியிருக்கின்றனர். அவரும் சிங்களத்திலேயே விடை கூறியிருக்கின்றார். ஒரு பிடி கொழுந்தை எடுத்து இறுக்கி விட்டால் அது உதிராமல் உருண்டையாக நிற்க வேண்டும். தண்டை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். மணம் பச்சை வாடையிலிருந்து பழவாடைக்கு மாற வேண்டும். மாணவர்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு, பணிவோடு நன்றி கூறிச் சென்றனர். அன்றிரவு தந்தை என்னிடம் கேட்டார்: “அந்தப் புள்ளைங்க நான் சொன்னத எல்லாம் எழுதிக்கிட்டாங்க. நீ ஏம்புள்ள இதப் படிக்கல?”

அவ்வினாவிற்குரிய விடை நீண்டது. எமது தோட்டத்துப் பாடசாலையில் சாதாரண தரம் வரையே வகுப்புகள் இருந்தன. உயர்தரத்துக்குச் சென்ற பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே தமிழில் கற்பிக்கப்பட்டன. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இல்லை. விஞ்ஞானம் படிக்க வேண்டுமாயின் தொலைவிலுள்ள நகரொன்றில் தங்கிப் படிக்க வேண்டும். இருவரது நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது இயலாது. 2013 இல் உயர்தரத்தில் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவும் எமது பாடசாலையை எட்டவில்லை. வரலாற்றையும் தமிழையும் நான் விரும்பியே கற்கின்றேன். அதில் எனக்கு எவ்விதக் குறையுமில்லை. ஆனால் பல கதவுகள் இருந்து ஒன்றைத் திறப்பதுதான் தெரிவு. ஒரே கதவு இருக்கும் இடத்தில் அதற்குள் நுழைவதைத் தெரிவு என்று கூறல் பொருந்தாது. அன்று தந்தைக்கு நான் சொன்னது, “அங்க போறதுக்கு வேற பாடம் படிச்சிருக்கணும்ப்பா” என்பது மட்டுமே.

இது என் ஒருத்தியின் கதையன்று. இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எமது மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1940களிலே நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளுக்கு நெடுங்காலம் வந்துசேரவில்லை. ஐந்தாம் வகுப்போடு முடியும் ஓராசிரியர்ப் பாடசாலைகளே அங்கு இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிந்தித் தொடங்கியவன் அதே கோட்டில் நின்று ஓடுவதாகக் கருதும் போட்டியில் நியாயம் எங்கே இருக்கும்?

மாவட்ட ஒதுக்கீடு உண்டல்லவா என்று வாசகர் வினவக்கூடும். கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் இடங்களின் நூற்றுக்கு 40 பங்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 பங்கு மாவட்ட அடிப்படையிலும், 5 பங்கு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படும் முறையை நாம் அறிவோம். பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் பதுளையும் இடம்பெற்றது. எனினும், ஒதுக்கீடு என்பது பரீட்சை எழுதியவனுக்கே பயன்படும். பாடமே கற்பிக்கப்படாத இடத்தில் அது வெறும் விதி. மேலும், மாவட்டம் என்ற ஒரே பெயருக்குள் பதுளை நகரத்துப் பாடசாலையும் அடங்கும்; மலையுச்சித் தோட்டத்துப் பாடசாலையும் அடங்கும். மாவட்டத்துக்குரிய இடங்கள் நிரம்பும். தோட்டத்துப் பிள்ளை அவற்றில் இல்லை என்பது எந்த அட்டவணையிலும் தெரியாது. இதற்குப் பல்கலைக்கழகத்தைக் குறைகூறல் நேர்மையாகாது. தன் மாணவர்களை அது தானே தெரிவதில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான அனுமதி முறையினாலேயே அவர்கள் வருகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழ் மாணவர் அங்கு வந்து பயில்வதும் மகிழ்ச்சிக்குரியதே. எமது கவலையெல்லாம், பல்கலைக்கழகத்தின் மதிலுக்கு அப்பால் உள்ள மலையின் பிள்ளை அங்கு செல்வதற்கு வழி யாது என்பதே.

பிற நாட்டு வரலாறு ஒன்று இங்கு துணைபுரியும். ஐக்கிய அமெரிக்காவில் 1862 இல் நிறைவேறிய மொரில் சட்டம், பொது நிலங்களைக் கொடுத்து, அவற்றின் வருவாயால் விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலந்தோறும் அமைக்க வழிவகுத்தது. உழைக்கும் வகுப்பாரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி என்பதே அதன் முழக்கம். 1887 இல் அக்கல்லூரிகளோடு ஆய்வு நிலையங்களும், 1914 இல் ஆய்வின் பயனைக் கமக்காரனின் வாசலுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணியும் சட்டத்தினால் இணைக்கப்பட்டன. கற்பித்தல், ஆராய்தல், மக்களிடம் கொண்டுசெல்லல் ஆகிய மூன்றும் ஒன்றாயின. அந்நாட்டின் விவசாய வளர்ச்சிக்கு இவ்விணைப்பு பெரிதும் உதவிற்று. ஆனால் அவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. தென்மாநிலங்களில் பருத்தியை விளைவித்த கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு அக்கல்லூரிகள் கதவடைத்தன. எனவே 1890 இல் இரண்டாவது மொரில் சட்டம் இயற்றப்பட்டது. மாணவரைச் சேர்ப்பதில் இனபேதம் காட்டக்கூடாது, அன்றேல் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி அமைக்க வேண்டும் என அது விதித்தது. உழைக்கும் மக்களுக்காக என்று தொடங்கிய ஒன்று, அம்மக்களுள் மிகவும் தாழ்த்தப்பட்டோரைச் சென்றடைய இன்னொரு சட்டம் வேண்டியதாயிற்று. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. வழியும் வகுக்கப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஊவாவுக்கு அத்தகைய வழி யாது? முதலாவதாக, பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளிலே தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் தொழில்நுட்பமும் உயர்தரம் வரை தடையின்றிக் கற்பிக்கப்பட வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை தீரும் வரையில், பல்கலைக்கழக மாணவர் வார இறுதிகளில் வந்து கற்பிக்கும் ஏற்பாடு பெருஞ்செலவின்றி இயலும். இரண்டாவதாக, அப்பல்கலைக்கழகத்தின் போதனாமொழி ஆங்கிலம். எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தோட்டத்துரையின் மொழியாகவே அறிமுகமானது. அதனைக் கல்வியின் மொழியாக்கும் பயிற்சி பாடசாலையிலேயே தொடங்க வேண்டும். மூன்றாவதாக, தொழிற்சாலையில் கையாலும் மூக்காலும் அறிவு திரட்டிய தொழிலாளிக்கு அவ்வறிவை விருத்திசெய்து சான்றிதழ் பெறும் குறுகிய பாடநெறிகள் வேண்டும். தந்தையின் சொல்லைக் குறித்துக்கொண்ட கொப்பியின் பயன் அவருக்கும் திரும்பி வர வேண்டுமல்லவா?

நான்காவது, எம்மைப் போன்ற கலைப்பீட மாணவரைச் சார்ந்தது. கொழுந்து பறிக்கும் பொறி பற்றிய ஆய்வுகள் பெருகுகின்றன. பாரத்தைக் குறைக்கும் பொறியைத் தொழிலாளி வரவேற்பாள். அவள் பெயரையே செக்றோலிலிருந்து நீக்கும் பொறியாயின் என் செய்வது? பொறியை அமைப்பவர் தொழில்நுட்பவியலாளர். அதன் பயன் யாரைச் சேரும் என்று கேட்க வேண்டியவர்கள் பொருளியலும் சமூகவியலும் பயில்வோர். அதுபோன்றே, தோட்டத்து மக்களின் நாவில் பல தலைமுறைகளாக வழங்கும் கவ்வாத்து, கொழுந்து, மட்டக்கம்பு முதலிய தொழிற்சொற்களைத் திரட்டித் தேயிலை விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவது தமிழ் கற்போரின் கடமை. அகராதியைப் பார்த்துச் செய்த சொல்லைவிட, மலையிலே பிறந்த சொல் மாணவனுக்கு விரைவில் விளங்கும்.

தேசியப் பொருளாதார வளர்ச்சிக்காகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. தேசியம் என்ற சொல்லினுள் யார் யார் அடங்குவர் என்பதிலேயே எமது கேள்வி பிறக்கின்றது. இதுவரை எமது மக்கள் பொருளாதாரத்தின் உழைப்பாகக் கணிக்கப்பட்டனரே தவிர அதன் அறிவாகக் கணிக்கப்படவில்லை. ஊவா வெல்லஸ்ஸவின் வெற்றியை ஏற்றுமதிப் புள்ளிவிபரங்கள் ஒருபுறம் அளக்கட்டும். பசறை வீதியின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் அங்கே தேயிலைத் தொழில்நுட்பம் பயிலச் செல்கின்றனர் என்ற கணக்கையும் நாம் அருகில் எழுதி வைப்போம். அக்கணக்கை எழுதத் தொடங்குவதற்கு நிதியோ சட்டமோ தேவையில்லை. ஊவாவிலிருந்து வந்து இங்கு பயிலும் நாம் சிலர் சேர்ந்தால் அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.